காட்டில் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு: களப்பயிற்சிக் கேள்விகள்

தானியங்கி கேமராவைப் பத்து நாள் மரத்தில் கட்டி வைத்தோம். வந்த படமெல்லாம் புல். எங்கே தவறு?

கட்டி முடித்ததும் அதன் முன்னால் தவழ்ந்து பார்த்தீர்களா? என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். வெப்பமும் அசைவும் சேர்ந்தால் கருவி படம் எடுக்கும். வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலே போதும். புல்லை ஒதுக்குங்கள், லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ பார்க்க வேண்டாம். முழங்கால் உயரத்தில் கட்டி, நாலு காலில் ஊர்ந்து போய் விளக்கு மின்னுகிறதா பாருங்கள். புலிக்கு என்றால் பாதையின் இரு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். வரியை வைத்துத்தான் ஒவ்வொரு புலியையும் பிரித்தறிகிறோம், இடது விலாவின் வரி வலது விலாவில் இருக்காது. அப்புறம், தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி கேமரா முன் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். கடிகாரம் தப்பாக ஓடினாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

விலங்குகளை எண்ணுவதற்கான நேர்கோட்டுப் பாதையில் 2 கி.மீ. நடந்தும் ஒரு விலங்கும் தென்படவில்லை. அந்த நடையைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாமா?

விடவே கூடாது. பூஜ்யம் என்று எழுதுங்கள். வெறும் நடைகளை நீக்கினால் காட்டில் இருப்பதைவிட அதிக விலங்குகள் இருப்பதாகக் கணக்கு காட்டும். இன்னொன்று: முதலில் பார்த்தபோது விலங்கு நின்ற இடத்துக்குத்தான் தூரமும் கோணமும் எடுக்க வேண்டும். 30 மீட்டரில் கண்ட மலையணில் கிளைவழியே தலைக்கு மேல் வந்துவிட்டது என்று 3 மீட்டர் எழுதிய மாணவர் உண்டு. அன்றே, அந்த இடத்திலேயே, பென்சிலால் எழுதுங்கள். மழையில் பேனா மை கரைந்துவிடும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என்ன செய்வது?

அட்டை ஏறாமல் தடுக்க, முழங்கால் வரை வரும் காலுறை போடுங்கள். கடித்தால் நெருப்பு வைக்காமல், நகத்தால் வாய்ப்பக்கத்தை நகர்த்தி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் வடியும். உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது.

மகள் ஆனைமலைக்கு இரண்டு மாதப் பயிற்சிக்குப் போகிறாள். பாம்புக்கடி மருந்தைக் கொடுத்தனுப்பலாமா?

வேண்டாம் அம்மா. கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அதை மருத்துவமனையில்தான் போட வேண்டும். நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மழைக்காட்டுக் குழிவிரியன்களுக்கு அது செய்யப்படவில்லை. பார்க்காமல் கிளையிலோ பாறையிலோ கை வைக்கக் கூடாது, இரவில் டார்ச் இல்லாமல் ஓரடி கூட வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். அவசரத்துக்கு வண்டி எது, மருத்துவமனை எது, எங்கே சிக்னல் கிடைக்கும் என்று பயிற்சி தருபவர்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தவளையைப் பிடித்து அளக்க அனுமதி வேண்டுமா?

சரணாலயத்துக்குள் என்றால் நுழைவதற்கே வேண்டும். பல மாதங்கள் முன்பே வனத்துறைக்கு விண்ணப்பியுங்கள்.

எங்கள் வழிகாட்டி காடர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவர் சொல்வதைத் தரவாக எழுதலாமா?

அவர் சொன்னது, நீங்கள் பார்த்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். அவர் சம்மதத்தோடு பெயரையும் போடுங்கள். கட்டுரையில் அந்தப் பெயர் விடுபடுவதை என்னால் ஏற்க முடியாது. இருவாச்சிப் பறவையின் கூட்டைத் தேடி நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். அவர் குனிந்து, மரத்தடியில் குவிந்த பழக்கொட்டைகளையும் எச்சத்தையும் காட்டுவார். அங்கிருந்து நேர் மேலே பார்த்தால், அடைகாக்க உள்ளே இருந்துகொண்டு அடைத்த பொந்தின் கீறலில் பெண் பறவையின் அலகு நுனி தெரியும்.