ஒரு ப்ளவுஸைக் குறை சொன்னால் நான் ஏன் உடைந்துபோகிறேன்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. பெங்களூர் அல்சூரில் வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு சில்க் காட்டன் சேலைக்குத் தைத்த ப்ளவுஸ், ஒரு தடவை துவைத்ததும் உள்ளே இழுத்துக்கொண்டதாம், கையைத் தூக்கவே முடியவில்லையாம். அந்தம்மா தன் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். “இவளுக்குத் தைக்கவே தெரியாது” என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. புது ஆர்டர் வாங்கவே கை நடுங்குகிறது. நாத்தனார் வேறு, “பி.காம். படிச்சிட்டு இது தேவையா” என்கிறார். யார் என்ன சொன்னாலும் பாதிக்கப்படாமல் இருப்பது எப்படி?
– வாசகி, அல்சூர்

பதில்: பாதிக்கப்படாமல் இருக்க வழி கேட்கிறீர்கள், தங்கச்சி. அதை நான் சொல்லித் தர மாட்டேன். யார் சொன்னாலும் உறைக்காத தையற்காரரிடம் என் துணியை நான் கொடுக்கவும் மாட்டேன். சொன்னது காதில் விழ வேண்டும், ஆனால் நீங்கள் சரிந்துவிடக் கூடாது. அதற்குத்தான் வழி தேட வேண்டும்.

இங்கே ஒரு பொதுத்துறை ஆலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குறை சொல்வதுதான் என் உத்தியோகம். லேத் மெஷினில் கடைந்து வந்த ஷாஃப்டை, அதாவது உலோகத் தண்டை, மைக்ரோமீட்டரில் அளப்பேன். ட்ராயிங்கில் கொடுத்த அளவுக்குள் வராவிட்டால் ரிஜெக்ட் என்று சிவப்புச் சீட்டுதான். சிலர் சண்டைக்கு வருவார்கள். சிலர் முகம் செத்துப்போய் அடுத்த பீஸையும் கெடுத்துவிடுவார்கள். வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும், “எங்கேம்மா? எவ்வளவு?” என்று கேட்பார். அளவு கூடியிருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்துவிடலாம், குறைந்துபோயிருந்தால் ஸ்கிராப். எது என்று தெரிந்துகொண்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவார். அவருக்குத் திமிரும் கிடையாது, அலட்சியமும் கிடையாது. சாயங்காலம் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து தேவாரம் பாடுவார். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒரு சிவப்புச் சீட்டு அவரை மொத்தமாக ரிஜெக்ட் பண்ணிவிட முடியாது.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். தையலைத் தவிர உங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. யாருக்கு நல்ல தோழி, எதைச் செய்தால் சந்தோஷம், எதற்காகப் பிடிவாதம் பிடிப்பீர்கள், எதுவுமே இல்லை. இத்தனை மதிப்பையும் ஒரே ப்ளவுஸில் வைத்துத் தைத்தால் அது சுருங்கும்போது நீங்களும் சுருங்கத்தான் செய்வீர்கள்.

கிளாட் ஸ்டீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988-ல் இதைப் பற்றி ஒரு கோட்பாடு எழுதினார். ஓரிடத்தில் அடி விழும்போது, தான் உயர்வாக நினைக்கும் வேறொரு விஷயத்தை மனதில் நிறுத்திக்கொள்ள முடிந்தவருக்கு அந்த அடியை மறுத்துத் தள்ளவேண்டிய அவசியம் குறைகிறது என்றார். அவரும் மற்றவர்களும் சேர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், காபி குடிக்கும் பெண்களுக்கு அதனால் நோய் வரலாம் என்று ஒரு கட்டுரை கொடுத்தார்கள். முதலில் தாங்கள் மதிக்கும் விஷயத்தை நினைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தவர்கள்தான் அந்தக் கசப்பான செய்தியை அதிகம் ஏற்றுக்கொண்டார்கள். “நான் கெட்டிக்காரி” என்று கண்ணாடி முன்னால் சொல்லிக்கொள்வதை நான் சொல்லவில்லை. தையலுக்குச் சம்பந்தமில்லாத, உங்களுக்கு முக்கியமான ஒன்றைப் பற்றி இன்று ராத்திரி அரைப் பக்கம் எழுதுங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தியை எடுத்துப் பாருங்கள். ப்ளவுஸ் சுருங்கியது, கை தூக்க முடியவில்லை என்பதை அளந்து பார்க்கலாம். தைக்கவே தெரியாது என்பதை எந்த டேப்பில் அளப்பது? அதை விட்டுவிடுங்கள்.

முதல் விஷயத்துக்கு வருவோம். காட்டன் லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டினீர்களா? நனைக்காமல் வெட்டினால் முதல் துவையலிலேயே லைனிங் சுருங்கும். மேல்துணி அந்த அளவுக்குச் சுருங்காது, அதனால் உள்ளே இழுக்கும். அந்தம்மாவுக்கு நீங்களே போன் செய்யுங்கள். ப்ளவுஸைப் போட்டுக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே கூடுதல் துணி விட்டிருந்தால் பிரித்துத் தளர்த்திவிடலாம். லைனிங்தான் காரணம் என்றால் காசு வாங்காமல் மாற்றிக் கொடுங்கள். “என் தப்புதான், சரிசெய்துவிட்டேன்” என்று ஒரே தடவை சொன்னால் போதும். கெஞ்ச வேண்டாம். குழுவில் எழுதியதை நீக்கச் சொல்லியும் கேட்க வேண்டாம்.

நாத்தனாருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பி.காம். படித்த நீங்கள் துணி, நூல், கரண்ட் பில் எல்லாம் போக மாதம் எவ்வளவு நிற்கிறது என்று கணக்கு எழுதுகிறீர்களா? இல்லையென்றால் ஆரம்பியுங்கள், அவருக்காக இல்லை.

இன்னொன்று. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் அனுபவமுள்ள தையல் மாஸ்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவரைப் பழக்கம் பிடித்து, மாதம் ஒரு ப்ளவுஸை எடுத்துக்கொண்டு போங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எங்கே பிரித்துத் தைக்கலாம் என்று கேளுங்கள்.