போனில் நடந்த புதுநன்மையும் இரண்டாயிரம் ரூபாய் சான்றிதழும்

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுப் பக்கமுள்ள வேலந்தாவளத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கொரோனா தொடங்கிய 2020-இல் அவருடைய மகள் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. பள்ளி மூடியிருந்த மாதங்களில் காலை ஜெபம், ஜெபமாலை, மறைக்கல்வி எல்லாமே போனில்தான். டிசம்பர் 8, அமல அன்னை திருநாளன்று, புதுநன்மைக்கு, அதாவது பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்குவதற்கு, தயாராகியிருந்த பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாக கூகுள் மீட்டில் உட்கார, சிஸ்டர், நற்கருணை வாங்க முடியாதபோது மனத்தால் அதை ஏற்கும் ஆன்மீக நற்கருணை ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தார். பிறகு வாட்ஸாப்பில் வண்ணச் சான்றிதழ் ஒன்றும் வந்தது. மறு வருடம் கோயிலுக்குப் போகத் தொடங்கியதும் பிள்ளை தானாகவே வரிசையில் போய் நற்கருணை வாங்கினாள், இன்றுவரை வாங்குகிறாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் மட்டும் ஒருமுறைகூடச் செய்யவில்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவரை எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலுக்கான பட்டியலில் பெயர் சேர்க்கப் புதுநன்மைச் சான்றிதழ் கேட்கிறார்கள். பங்கில் (அந்தப் பகுதிக் கோயிலில்) கேட்டால் பள்ளியில் வாங்கச் சொல்கிறார்கள், பள்ளியில் கேட்டால் பங்கில். நடுவில் ஒருவர், இரண்டாயிரம் ரூபாய் அனுப்பினால் 2020 தேதி போட்டு வாங்கித் தருகிறேன் என்கிறார். "என் மகள் புதுநன்மை வாங்கினாளா, இல்லையா? அத்தனை நாள் போனில் சொன்ன ஜெபம் வீண்தானா? அந்தச் சான்றிதழை வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். வாங்காதீர்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அடுத்து புதுநன்மை. டிசம்பர் 8 அன்று நடந்தது நல்ல ஜெபம், ஆனால் திருமுழுக்கு, நற்கருணை போன்ற புனிதச் சடங்கான அருட்சாதனம் அல்ல. இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2002-லேயே எழுதிவைத்துவிட்டது. ஊரடங்கு நாட்களில் திருத்தந்தை பிரான்சிஸின் காலைப் பூசையை உலகமே திரையில் பார்த்தது. அந்தப் பூசை ஒன்றில்தான், 2020 ஏப்ரல் 17 அன்று, இது நெருக்கடிக்கான வழி, திருச்சபை என்பது இதுவல்ல என்று அவரே எச்சரித்தார். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் வழிபாட்டு இடங்களுக்கு வராமல் வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்போது அரசு அறிவுரை இருந்ததால், சிஸ்டர் தன்னால் ஆனதைச் செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் புதுநன்மை என்று பெயர் வைத்து ஒரு சான்றிதழ் அச்சடித்ததுதான் குழப்பத்துக்கு வித்து.

ஆனால் உங்கள் மகள் புதுநன்மை வாங்கிவிட்டாள். கோயில் திறந்தபிறகு பூசையில் வரிசையில் நின்று முதன்முதலாக வாங்கினாளே, அதுதான் அவளுடைய புதுநன்மை. வெள்ளை உடுப்பு, மாலை, போட்டோ, விருந்து எல்லாம் நாம் ஆசையாகச் சேர்த்துக்கொண்டவை. அவை இல்லாததால் அருட்சாதனம் இல்லாமல் போகாது. அதைத் திரும்ப நடத்தவும் வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளோடு வெள்ளை உடுப்பில் நிறுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

விட்டுப்போனது பாவசங்கீர்த்தனம். புதுநன்மைக்கு முன்னால் அது நடக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம், எண் 914. நடத்திவைக்கும் கடமையைப் பெற்றோர்மேலும் பங்குத்தந்தைமேலும் வைக்கிறதே தவிர, பிள்ளைமேல் வைக்கவில்லை. அதனால் 'தப்பு செய்துவிட்டாய்' என்று அவளிடம் ஆரம்பிக்காதீர்கள். பூசைக்கு முந்தி சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். "இதுதான் முதல் தடவை, எப்படிச் செய்வதென்று தெரியவில்லை" என்று அவளே சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். போனிலோ வீடியோ காலிலோ பாவசங்கீர்த்தனம் செல்லாது. அப்படிச் செய்து தருவதாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஜெபம் வீணா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. அருட்சாதனத்துக்கு ஆள் நேரில் வேண்டும், ஜெபத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. கோயிலுக்குப் போக முடியாதபோது தனியாகவோ குடும்பமாகவோ ஜெபத்தில் நேரம் செலவிடும்படி சட்டமே பரிந்துரைக்கிறது, எண் 1248. போனில் ஜெபமாலை சொன்னால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சிஸ்டர் 'அருள் நிறைந்த மரியே' முடிக்கும் முன்பே ஒரு வீட்டில் 'புனித மரியே' தொடங்கிவிடும், இன்னொரு வீட்டிலிருந்து அது வந்துசேர அரை நிமிடம் ஆகும். கடைசியில் எல்லோரையும் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு சிஸ்டர் மட்டும் சொல்வார். அப்போது அணைந்த மைக்குக்கு இந்தப் பக்கம் உங்கள் வீட்டில் பிள்ளையும் பாட்டியும் நீங்களும் சேர்ந்து பதில் சொன்னீர்கள் அல்லவா, அது முழு ஜெபம். கேரள அரசின் கல்வி சேனலான விக்டர்ஸில் பாடம் தொடங்குமுன் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பல வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் முதல்முறையாகச் சேர்ந்து ஜெபம் சொன்னார்கள்.

என் மனத்தாங்கல் சில பள்ளிகள்மேல்தான். மெழுகுதிரி முன்னால் பிள்ளை முழங்காலில் இருக்கும் போட்டோவை அனுப்பினால்தான் வருகைப் பதிவு என்றார்கள். ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வீடுகளில் இது எவ்வளவு தொல்லை! ஜெபத்தையும் வீட்டுப்பாடக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதன் மிச்சம்தான் இந்தச் சான்றிதழ்ப் பைத்தியம்.

சரி, உறுதிபூசுதலுக்குப் புதுநன்மைச் சான்றிதழ் வேண்டுமா? பொதுச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. தக்க போதனை பெற்றிருக்க வேண்டும், தக்க மனநிலை வேண்டும், திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எண் 889 கேட்பது. பங்கில் இருக்க வேண்டிய பதிவேடுகளாகச் சட்டம் பெயர் சொல்லிக் கேட்பதும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு மூன்றைத்தான். புதுநன்மைக்குத் தனி ஏடு வைப்பது பல பங்குகளின் நல்ல வழக்கம். அந்த ஏட்டில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைப் பள்ளிக்கும் பங்குக்குமாக நடக்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020-இல் வாளையார், வேலந்தாவளம் எல்லைச் சாவடிகளில் இ-பாஸ் இல்லாமல் தாண்ட முடியாமல் இருந்தது. பள்ளி ஒரு பக்கம், பங்கு மறுபக்கம் என்று எத்தனை வீடுகள் சிக்கிக்கொண்டன என்று இந்த அலுவலகங்களுக்கே தெரியும். தெரிந்தும் அதே தாளைக் கேட்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது திருமுழுக்குச் சான்றிதழ். பழைய நகல் வேண்டாம். திருமுழுக்கு நடந்த பங்கிலிருந்து புதிதாக, ஓரக்குறிப்புகளோடு (பிறகு பெற்ற அருட்சாதனங்களை ஏட்டின் ஓரத்தில் குறிப்பது) எழுதி, முத்திரையும் கையெழுத்தும் வைத்ததாக வாங்குங்கள். அதோடு, மகள் எந்தக் கோயிலில் ஏறத்தாழ எப்போது முதன்முதலாக நற்கருணை வாங்கினாள் என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதி, கூட இருந்த ஒருவரிடமும் கையெழுத்து வாங்கிப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். அவர் விரும்பினால் அதை வைத்து ஏட்டில் பதிந்துகொள்ளலாம்.

இப்போது அந்த இரண்டாயிரம் ரூபாய்க்காரர். எல்லைப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் பெருகிவிட்டார்கள். பங்கு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களாக இருக்க மாட்டார்கள், ஆனால் சாமியார் எப்போது ஊரில் இல்லை என்று தெரிந்துவைத்திருப்பார்கள். "ஆயர் இல்லத்தில் ஆள் இருக்கு" என்பார்கள். ஜிபேயில் பணம் போனதும் வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப் வரும். லெட்டர்பேட் உண்மையானதாகவே இருக்கும், பதிவு எண் பொய்யாக இருக்கும். இன்று யாரும் சரிபார்க்க மாட்டார்கள். நாளை கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கும் நேரத்தில் பழைய காகிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்து, ஒரு பங்கு இன்னொரு பங்குக்குக் கடிதம் போடும். "எங்கள் ஏட்டில் இந்த எண்ணே இல்லை" என்று பதில் வரும்போது மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருப்பீர்கள். பொய்யான திருச்சபை ஆவணத்தைத் தயாரிப்பது மட்டுமல்ல, பயன்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது எண் 1391. உங்கள் மகள் உண்மையாகவே வாங்கிய நற்கருணைக்கு எதற்குப் பொய்த் தாள்?

இதே ஆட்கள்தான் ஆதாரில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் என்று தவிப்பவர்களிடமும் போவார்கள், பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் பங்குத்தந்தை கடிதம் தேடுபவர்களிடமும் போவார்கள். கொரோனா நாட்களில் ஆன்லைன் பூசைக்கருத்து (உங்கள் வேண்டுதலுக்காகப் பூசை வைப்பது) என்று க்யூஆர் கோடு அனுப்பிப் பணம் சேர்த்தவர்களும் உண்டு. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்பது எண் 947. காணிக்கையைப் பங்கில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டே ஆக வேண்டும். கத்தோலிக்கருக்குள்ளேயே இலத்தீன், சீரோ மலபார், மலங்கரை என்று தனித்தனி வழிபாட்டு முறைச் சபைகள் உண்டு; உங்கள் கணவர் எந்தச் சபை? பாலக்காட்டில் ஒரே மண்ணில் இரண்டு மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பகுதி) இருக்கிறது. 1974-இல் அமைந்த பாலக்காடு மறைமாவட்டம் சீரோ மலபார். 2013-இல் அமைந்த சுல்தான்பேட்டை மறைமாவட்டம் இலத்தீன், நம் தமிழ்ப் பங்குகள் பலவும் அதில்தான். வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் வந்தாலும் அப்படியே. அங்கே இலத்தீன் மறைமாவட்டமும் உண்டு, 2010-இல் அமைந்த ராமநாதபுரம் சீரோ மலபார் மறைமாவட்டமும் உண்டு. கணவர் மலையாளி, சீரோ மலபார் என்றால், பிள்ளை பொதுவாகத் தகப்பனின் சபையைச் சேர்ந்தவள். பெற்றோர் இருவரும் ஒத்துப்பேசி இலத்தீனில் சேர்த்திருந்தால் மட்டும் இலத்தீன். எந்தக் கோயிலில் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறாது. எத்தனை வருடம் தமிழ்ப் பூசைக்குப் போனாள் என்பதும் கணக்கில் வராது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், சீரோ மலபாரில் இப்போது திருமுழுக்கோடு சேர்த்தே தைலாபிஷேகமும் கொடுப்பது வழக்கம். மலங்கரை சபையிலும் அப்படித்தான். தைலாபிஷேகம் என்பது நாம் சொல்லும் உறுதிபூசுதலேதான். கைக்குழந்தையாக இருந்தபோதே அது ஆகியிருந்தால் இன்னொருமுறை கொடுக்கவே கூடாது. ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் நிற்கும் அருட்சாதனம் அது. அப்படியானால் பட்டியல், வகுப்பு, சான்றிதழ் என்ற இந்த அலைச்சல் மொத்தமும் தேவையே இல்லை. தாய்மார் பலருக்கு இது ஞாபகம் இருப்பதில்லை, அன்று குழந்தை அழுதது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அதனால்தான் ஓரக்குறிப்போடு புதிதாக வாங்கச் சொன்னேன். சான்றிதழில் உறுதிபூசுதலுக்கான இடம் காலியாக இருந்து, கணவர் சீரோ மலபார் என்றால், இலத்தீன், சீரோ மலபார் பங்குத்தந்தையர் இருவரும் பேசி முடிவெடுக்கட்டும். நீங்கள் நடுவில் தூது போக வேண்டாம், இருவருக்கும் ஒருவர் எண்ணை மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பங்கில் புதுநன்மைச் சான்றிதழே வேண்டும் என்று நின்றால், எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். அதற்கும் பதில் வராவிட்டால், உங்கள் கடிதத்தின் நகலையும் திருமுழுக்குச் சான்றிதழின் நகலையும் சேர்த்து மறைமாவட்டச் செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பட்டியல் மூடுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். மகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போக இதில் எதற்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போகலாம்.