ஃப்ரீசரில் வைத்த ஆட்டுக்கறி பழுப்பாவது ஏன்?

கேள்வி: 30 வெள்ளாடு வளர்க்கிறேன். ஞாயிறன்று அறுத்து விற்றது போக மிச்சக் கறியை உப்புத் தடவி ஃப்ரீசரில் வைக்கிறேன். மூன்றே வாரத்தில் பழுப்பேறி, பழைய எண்ணெய் வாடை அடிக்கிறது. கோடை முழுக்கக் காய்ந்த கடலைக்கொடியும் பிண்ணாக்கும்தான் தீனி. எங்கே தவறு?

பதில்: இது கிருமி வேலை இல்லை, கொழுப்பு காறியிருக்கிறது, அதாவது காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுக் கெட்டிருக்கிறது. உறைந்த கறியில் கிருமி பெருகாது. காறல் மட்டும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும்.

புதுக்கறியைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். காற்றுப் பட்ட மேல்புறம் நல்ல சிவப்பு, உள்ளே கருஞ்சிவப்பு. நிறம் தருவது தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம். அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பைத் திரும்பச் சரிசெய்யும் நொதிகள் அறுத்த பிறகும் சில நாள் தசையில் வேலை செய்கின்றன. கொழுப்பு காறும்போது உண்டாகும் ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருட்கள் மயோகுளோபினிலேயே ஒட்டிக்கொண்டு அதைச் சீக்கிரம் பழுப்பாக்குகின்றன. சரிசெய்யும் வேலைக்கு வேண்டிய சத்தைத் தயாரிக்கும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியையும் முடக்குகின்றன. அதனால்தான் வாடையும் பழுப்பும் சேர்ந்தே வருகின்றன. கறியை மிருதுவாக்கும் கால்பெய்ன் நொதியையும் ஆக்சிஜனேற்றம் முடக்கிவிடும்; கறி கடினமாகவே நின்றுவிடும்.

முதலில் உப்பை நிறுத்துங்கள். உப்பு காறலை முடுக்கிவிடும். ரத்தம் முழுதாக வடியட்டும், ரத்தத்திலுள்ள இரும்பும் அதே வேலையைத்தான் செய்யும். அரை கிலோ பொட்டலமாக, தட்டையாக, தடித்த பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். அரைகுறையாகக் காற்று நின்றால் பழுப்பு இன்னும் வேகமாக ஏறும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். உருகிய கறியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். செல் உடைந்து இரும்பும் நொதியும் கசியும். கைமாவை இருப்பு வைக்கவே வேண்டாம். அரைக்கும்போதே காற்று உள்ளே கலந்துவிடுகிறது.

தீனிதான் அடிப்படை. காறலைத் தடுக்கும் வைட்டமின் ஈ காய்ந்த கொடியில் மிகக் குறைவு. விற்பதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பிருந்தே வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தீவனத்தைத் தினமும் கொடுங்கள். உயிரோடு இருக்கும்போது தின்ற வைட்டமின் ஈதான் செல் சவ்வுக்குள் போய் உட்காரும். அறுத்த பிறகு தடவினால் அங்கே சேராது. பசுந்தீவனம் கிடைக்காத மாதங்களில் வைட்டமின் ஈ, செலினியம் கலந்த மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். செலினியம் அளவு மீறினால் ஆட்டுக்கு விஷம்.

இப்போது ஃப்ரீசரில் வாடை வந்துவிட்ட பொட்டலங்களை விற்க வேண்டாம். காறிய கொழுப்பை எந்த மசாலாவும் திருப்பாது.