பாதியில் நின்ற ராணுவ ஜீப்: பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: சுங்கை காடுட்டில் வாடகை இடத்தில் 1943 ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப் வைத்திருக்கிறேன். 2015-ல் இன்ஜினைப் பிரித்துக் கோத்தேன், ஓட்டிப் பார்க்கவில்லை. கியர்பாக்ஸ் ஏறிவிட்டது, பிரேக் பாதியில் நிற்கிறது. இப்போது திரும்பத் தொடங்குகிறேன். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
(வாசகர், ஈசூன்)

பதில்: வேண்டாம். பேட்டரி கடைசி வேலை.

ஓடிக்கொண்டிருந்த வண்டி பத்து ஆண்டு கொட்டகையில் கிடந்தால் துருவும் காய்ந்த ரப்பரும்தான் பிரச்சினை. நட்டெல்லாம் இறுகியே இருக்கும். பாதி கோத்து நிறுத்திய வண்டி அப்படியல்ல. எது கையால் திருகி விட்டது, எது டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) பார்த்தது என்பது கோத்த உங்களுக்கே இப்போது நினைவிருக்காது. அதனால் முதல் வேலை சரிபார்ப்பு. ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனா வாங்கிக்கொள்ளுங்கள். நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி, உரிய அளவுக்கு இறுக்கி, நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். கோடு இல்லாத எதையும் நம்ப வேண்டாம்.

சம்ப்பை (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) கழற்றித்தான் ஆக வேண்டும், சோம்பல் படாதீர்கள். மெயின் பேரிங் 65 முதல் 70 அடி-பவுண்டு, கனெக்டிங் ராட் 50 முதல் 55, ஹெட் நட்டுகள் 60 முதல் 65. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இன்ஜின் முதன்முறை சூடாகி ஆறிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். தலையில் ‘எஃப்’ எழுத்து பொறித்த போல்ட் கிடைத்தால் தனி டப்பாவில் போடுங்கள். அவை ஃபோர்டின் அசல். அசல்தன்மை பார்ப்பவர்கள் அவற்றைத்தான் தேடுவார்கள்.

அடுத்தது சிலிண்டர். நம் சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும். ஈரக்காற்று அதன் வழியே புகுந்து, பிஸ்டன் ரிங்கைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் (ஏடிஎஃப்) ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும்.

சட்டென்று தடுத்து நின்றால் பலம் போடாதீர்கள், ஹெட்டைக் கழற்றுங்கள். இது சைடு-வால்வு இன்ஜின், வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் எது மேலே தூக்கியபடி சிக்கியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து தண்டில் எண்ணெய் விட்டு, சுத்தியலின் மரப்பிடியால் மேலிருந்து தட்டினால் பெரும்பாலும் இறங்கிவிடும். டேப்பெட் (வால்வைத் தள்ளும் துண்டு) இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.014 அங்குலம்.

இந்த இன்ஜினில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஆயில் பம்ப். அதன் தண்டுதான் டிஸ்ட்ரிபியூட்டரையும் (பிளக்குகளுக்கு முறைப்படி மின்பொறியை அனுப்பும் பகுதி) சுழற்றுகிறது. பம்பைத் திரும்ப மாட்டும்போது ஒரே ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால், டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் டைமிங் சேராது. ஆளோ கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்! பம்ப் பத்து ஆண்டு உலர்ந்து கிடந்திருக்கிறது, எண்ணெயை இழுக்காது. உள்ளே எண்ணெய் நிரப்பித்தான் மாட்ட வேண்டும். ஃபில்டரையும் சேர்த்து ஏறக்குறைய 4.7 லிட்டர் ஊற்றி, பிளக் இல்லாமலே சுழலவிட்டு, கேஜில் முள் எழும்பிய பிறகுதான் பிளக். பிளக் இடைவெளி 0.030, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் 0.020 அங்குலம், எரியும் வரிசை 1-3-4-2.

கேள்வி: எங்கள் ஜீப்பில் புது 6 வோல்ட் பேட்டரி போட்டும் ஸ்டார்ட்டர் முனகுகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?
(வாசகி, பாசிர் ரிஸ்)

பதில்: கேபிளைத் தொட்டுப் பார்த்தீர்களா? பாதி வோல்ட்டில் அதே வேலை நடக்க இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். இன்றைய கார் கேபிளை மாட்டினால் அது சூடாகும், ஸ்டார்ட்டருக்கு மிச்சம் போகாது. தடித்த கேபிள் போடுங்கள். இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் எர்த் பட்டையின் இரு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்க வையுங்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டிகளில் பாதிக் கோளாறு இங்கேதான். மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: பிரேக் ரப்பர் செட் பத்து ஆண்டுக்கு முன் வாங்கி, பிரிக்காமல் இருக்கிறது. போடலாமா? கியருக்கு எந்த எண்ணெய்? பெட்ரோல் 92-ஆ, 98-ஆ?
(வாசகர், சுவா சூ காங்)

பதில்: ரப்பர் பாக்கெட்டுக்குள்ளேயே கிழடாகும், தூக்கிப் போடுங்கள். இந்த ஜீப்பில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட், ஒரு சீல் போனால் நான்கு சக்கரமும் போச்சு. முன் சக்கரச் சிலிண்டர் 1 அங்குலம், பின் சக்கரத்தில் முக்கால் அங்குலம். பின்னாலும் 1 அங்குலம் மாட்டினால் மழைச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டி, வண்டி வால் சுழற்றும். டாட் 5 சிலிக்கோன் திரவம் போடுவதானால் பழைய திரவத்தின் சொட்டுகூட மிஞ்சக்கூடாது, இரண்டும் கலக்காது.

கியர்பாக்ஸில் வெண்கல வளையங்கள் உண்டு. ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மம் அவற்றை அரிக்கலாம். ஜிஎல்-4, 90 தடிப்பு போதும்.

92 தாராளம். அமுக்க விகிதம் 6.48 தான், கூட வெள்ளி கொடுத்து 98 ஊற்றுவது வீண். சிங்கப்பூரில் ஈயப் பெட்ரோல் 1998-லேயே நின்றுவிட்டதே, வால்வு உட்காரும் இடம் தேயுமே என்ற கவலையும் வேண்டாம், எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தனி இருக்கை வளையம் உண்டு. பெட்ரோல் ஊற்றும் முன் ஓட்டுநர் இருக்கையைத் தூக்கி, டேங்க் உட்காரும் பள்ளத்தைக் கையால் தடவுங்கள். மழைநீர் தேங்குவது அங்கே. ஓட்டை விழுவதும் அங்கேதான், பெரும்பாலும் டேங்கின் அடியில், மேலிருந்து பார்த்தால் தெரியாது.