பழைய அமெரிக்க கார், டிரக் படங்களைப் பார்த்ததும் எடுத்த ஆண்டை எப்படிச் சொல்கிறார்கள்?

எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. படத்தில் முன்னால் நிற்கும் அழகான வண்டியை விட்டுவிட்டு, இருப்பதிலேயே புதிய வண்டியைத் தேடுவோம். படம் அந்த வண்டிக்கு முந்தையதாக இருக்க முடியாதே.

பழைய வண்டியை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரானது. அவ்வளவும் 1927-லேயே காயலான் கடைக்குப் போய்விடுமா? 1930-களின் வறட்சியில் பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய குடும்பங்களை டோரதியா லாங்கே எடுத்த படங்களைப் பாருங்கள். மெத்தை, பானை, பிள்ளைகள் என எல்லாவற்றையும் சுமந்து நிற்பவை அடிபட்ட பழைய வண்டிகள்தான். கண்காட்சியில் பளபளக்கும் காடிலாக்கைவிட எனக்கு இவைதான் பிடிக்கும்.

டிரக் என்றால் சின்ன அடையாளங்கள் முக்கியம். 1947-ல் வந்த செவ்ரோலே பிக்கப்பை முன்பக்கம் குறுக்கே ஓடும் ஐந்து பட்டைகளை வைத்தே சொல்லிவிடலாம். கதவில் முக்கோணக் கண்ணாடி (நம்ம அம்பாசிடரில் இருந்ததே, அதுபோல) தெரிந்தால் 1951 அல்லது அதற்குப் பின். அமுக்கித் திறக்கும் கைப்பிடி 1952-ல் வந்தது. முன்கண்ணாடி நடுவில் பிரியாமல் ஒரே துண்டாக இருந்தால் 1954 ஆகிவிட்டது.

நம்பர் பிளேட் தெளிவாக விழுந்திருந்தால் வேலை மிச்சம். அன்று பல மாநிலங்களில் ஆண்டுதோறும் பிளேட்டை மாற்றுவார்கள். ஆண்டும் அதிலேயே இருக்கும். போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த, இலினாய் மாநிலம் 1943-ல் சோயா நாரால் ஆன அட்டையில் பிளேட் செய்தது. அதை ஆடுகள் தின்றதாகக்கூட ஒரு கதை உண்டு!

நான் சறுக்கியதும் போர்க்காலத்தில்தான். ஒரு சிற்றூர்க் கடைத்தெருப் படம். இருப்பதிலேயே புதிய கார் 1942 மாடல். ‘1942’ என்று அடித்துச் சொன்னேன். ஒரு பெரியவர் திருத்தினார்: “தம்பி, 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். 1945 வரை எந்தத் தெருவிலும் அதுதானே புதுசு?” பிறகு முன்கண்ணாடி ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு ஸ்டிக்கர், பக்கத்து டிரக்கில் ‘டி’ (T). பெட்ரோல் ரேஷன் ஸ்டிக்கர். நாடு முழுக்க அந்த ரேஷன் வந்தது 1942 டிசம்பரில், முடிந்தது 1945 ஆகஸ்டில். மரங்களில் இலை அடர்ந்திருந்தது, ஆட்கள் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். ஆக, 1943 முதல் 1945 வரையிலான ஏதோ ஒரு கோடை. அதற்கு மேல் இருவராலும் நெருங்க முடியவில்லை.

நீங்களும் முயன்று பார்க்க நினைத்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் லாங்கே, ரஸ்ஸல் லீ போன்றவர்கள் அரசுக்காக எடுத்த படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்குங்கள். சின்னதில் அந்த ஸ்டிக்கர் வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும்.