மளிகைச் செலவு ஏன் குறையவில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எந்தக் கடையில் எது மலிவு என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். நான் பார்த்தவரை, காசு அதிகம் கரைவது பொருள் வீட்டுக்குள் வந்த பிறகுதான். அதனால் சில பதில்கள் கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் நாலு பேர். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் பெரிய பாக்கெட்டாகத்தான் வாங்குகிறோம். ஆனாலும் செலவு குறைந்த மாதிரி தெரியவில்லையே?

பதில்: எல்லாவற்றையும் என்பதில்தான் சிக்கல். உப்பு, சர்க்கரை, வெள்ளை அரிசி, பருப்பு, முழு மிளகு போன்றவற்றைத் தாராளமாக மொத்தமாக வாங்கலாம். ஈரமும் வண்டும் அண்டாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். முழுக் கோதுமை மாவு, தவிடு நீக்காத அரிசி, கொட்டை வகைகள் அப்படியில்லை. அவற்றில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். மசாலாத் தூள் சீக்கிரம் கெடாது, ஆனால் வாசனை போய்விடும். அப்புறம் ஒரு ஸ்பூன் போடுகிற இடத்தில் இரண்டு போடுவீர்கள். மலிவாக வாங்கியதன் பலன் அங்கேயே போச்சு.

பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் கதை வேறு. பெரிய பாக்கெட் வாங்கினால் இரண்டு மடங்கு நாள் வரும் என்று கணக்குப் போடுகிறோம். அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த வீட்டிலும் அது அத்தனை நாள் தாங்காது. இவற்றைச் சின்ன பாக்கெட்டாக வாங்குவதே சிக்கனம்.

கேள்வி: ஒரே எண்ணெய் ஒரு லிட்டர் கவரிலும் ஒரு கிலோ டின்னிலும் கிடைக்கிறது. டின் விலை சற்று அதிகம். கவர்தானே லாபம்?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம்தான். லிட்டர் விலையை 0.91-ஆல் வகுங்கள், அதுதான் கிலோ விலை. டின்னின் விலை 9 சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் டின்தான் மலிவு. இதே மாதிரி, டப்பாவில் நீரோடு வரும் கடலை, பயறு வாங்கும்போது நீர் வடித்த எடை எவ்வளவு என்று பாருங்கள். நீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வாரம் ஒருமுறை காய்கறி வாங்குகிறேன். வாரக் கடைசியில் பாதி குப்பைக்குப் போகிறது. என்ன செய்வது?

பதில்: இந்த முறை வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கடைகளும் உணவகங்களும் சேர்ந்தே மீதியைத்தான் வீணாக்கின. பாதி கீரையை எறிந்தால், சாப்பிட்ட மீதிப் பாதியை இரட்டை விலைக்கு வாங்கியதாகத்தான் அர்த்தம்.

முதலில் எதை எதோடு வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரையும் வெள்ளரிக்காயும் இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். இரண்டும் சீக்கிரம் கெடும். கிழங்குக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்தால், அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறிய வேண்டும். கிழங்கு முழுக்கப் பச்சை என்றால் மொத்தமாகவே எறியுங்கள். கீரையைக் கழுவாமல், உலர்ந்த துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் இரண்டே நாளில் கொழகொழவென்று ஆகிவிடும்.

அடுத்தது சமைக்கும் வரிசை. வாங்கிய முதல் இரண்டு நாள் கீரை, காளான். நடுவில் பீன்ஸ், கத்தரி. கடைசியில் முட்டைக்கோஸ், கேரட், பூசணி. இன்ன கிழமை இன்ன சமையல் என்று அட்டவணை போடுவது எனக்கு ஒத்துவருவதில்லை. இந்த வரிசை மட்டும் மனதில் இருந்தால் போதும்.

கேள்வி: தேதி தாண்டிய பொருளைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார் மாமியார். கணவர் எல்லாவற்றையும் தூக்கி எறிகிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் பாதி சரி! ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்று போட்டிருந்தால் அது தரத்தைப் பற்றியது. பாஸ்தா, பிஸ்கட் போன்றவை ஒழுங்காக வைத்திருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முகர்ந்து, ருசித்துப் பார்த்து முடிவு செய்யலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்று இறைச்சி, மீன் போன்றவற்றில் இருந்தால் அது பாதுகாப்பைப் பற்றியது. அங்கே கணவர் பேச்சைக் கேளுங்கள். கெட்ட வாடை வராமலேயே கிருமி இருக்கலாம்.

கேள்வி: மீந்த சோற்றைக் கொட்ட மனசு வரவில்லை. மறுநாள் நன்றாகச் சூடு செய்தால் சரியாகிவிடுமா?

பதில்: இரவு முழுக்க வெளியே இருந்த சோறு என்றால், ஆகாது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு சூடு செய்தாலும் போகாது. சாப்பிட்டு முடித்த கையோடு, அதாவது இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாளே ஒருமுறை நன்றாகச் சுடவைத்துத் தீர்த்துவிடுங்கள். அதைவிட, நாளும் மீந்தால் அளவில் கால் டம்ளர் அரிசியைக் குறையுங்கள்.

கேள்வி: ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்?

பதில்: கிளம்புவதற்கு முன் எழுதிய பட்டியலில் இருந்தால் மட்டும்.

கேள்வி: இறைச்சியைக் குறைத்தால் குழந்தைகளுக்குப் புரதம் போதாதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நூறு கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு, ஒரு முட்டையில் ஆறு கிராம். பருப்பில் குறைவாக இருப்பதை அரிசியும் கோதுமையும் ஈடுகட்டும், அதனால் தானியத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இறைச்சியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. குழம்பில் பாதி இறைச்சி, பாதி பயறு என்று தொடங்கிப் பாருங்கள். கோழியை முழுசாக வாங்கினால் எலும்பைக் கொதிக்கவைத்து சூப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வேகவைத்த பயறு டப்பாவில் கிடைக்கிறது. காய்ந்ததை வாங்கி ஊறவைத்து வேகவைத்தால் எரிவாயு செலவாகுமே?

பதில்: ஆகும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். பிரஷர் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை போவதால் சீக்கிரம் வெந்துவிடும். விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். ஒரே முறை நிறைய வேகவைத்து, ஒருவேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வேலையும் மிச்சம். ராஜ்மாவில் மட்டும் கவனம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் பச்சையாகப் போடாதீர்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும்.