இரண்டு மணி அலாரம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது. சென்ற ஆடியில் திடீரென்று மெலிந்தாள், ஓயாமல் தண்ணீர் குடித்தாள். டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். அன்றிலிருந்து தினம் நான்கு ஊசி. இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அவள் விரலைக் குத்திப் பார்க்கிறேன். "வயிற்றில் இருக்கும்போது நீ தின்ற இனிப்புதான் காரணம்" என்கிறார் மாமியார். கணவர் நல்லவர், ஆனால் ஊசியை எடுத்தாலே வாசலுக்குப் போய்விடுகிறார். போன வாரம் மீட்டர் 337 காட்டியது. பள்ளியில் யாரோ கொடுத்த பிறந்தநாள் கேக்கைத் தின்றிருக்கிறாள். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். நான் கெட்ட அம்மாவா?

ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரி,

ஆடியிலிருந்து ஓர் இரவுகூட முழுதாகத் தூங்காதவர் நீங்கள். கை ஓங்கியது அந்தக் களைப்பில்தான். உங்களைக் கெட்ட அம்மா என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மாமியார் சொல்வது தவறு. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது டைப் 1. நீங்கள் தின்ற லட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொல்லி ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும்.

என் அக்கா மகனுக்கு ஆறு வயதில் இது வந்தது. அக்கா இரவில் விளக்குப் போடமாட்டாள். இருட்டிலேயே பையனின் பிடரியில் கை வைத்துப் பார்ப்பாள். வியர்த்து ஈரமாக இருந்தால் சர்க்கரை இறங்கியிருக்குமோ என்று உடனே மீட்டரை எடுப்பாள். தலைமாட்டில் குளுக்கோஸ் டப்பா, ஸ்பூன், ஒரு சொம்பு தண்ணீர். நான்கு வருடம் எந்தக் கல்யாண வீட்டிலும் அவள் இரவு தங்கவில்லை. ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் பாத்திரத்தை அப்படியே விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. பரிசோதித்துப் பார்த்ததில் உடம்புக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பையனின் சர்க்கரை எவ்வளவு என்றுதான் கேட்டோம். நீ தூங்கினாயா என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் அத்தான் ஊசி பழகினார். ஒரு வாரம் சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினார். மகனுக்கு முதலில் போட்டபோது அவர் கை நடுங்கியது. "இன்னும் கொஞ்சம் நேராகப் பிடியுங்கள் அப்பா" என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அன்று இரவு முறை அத்தானுடையது. அக்கா விடிந்த பிறகுதான் கண் விழித்தாள்.

337 பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதே இரண்டு இட்லி, அதே அளவு இன்சுலின். திங்கட்கிழமை 140 காட்டும், செவ்வாய்க்கிழமை 260 காட்டும். காய்ச்சல், பரீட்சை பயம், வளரும் வயது, ஒரே இடத்தில் ஊசி போட்டுத் தடித்த தோல், எதுவும் அளவை மாற்றும். எண்ணுக்காக அடிபடும் குழந்தை எண்ணை மறைக்கப் பழகிவிடும். அக்கா மகன் ஒருமுறை விரலைக் குத்தாமலேயே நோட்டில் 120 என்று எழுதிவைத்தான். கேக்கைவிட இந்தப் பொய்தான் எனக்குப் பயம். கேக்குக்கு எவ்வளவு இன்சுலின் கூட்டவேண்டும் என்று மருத்துவரே கணக்குச் சொல்லித் தருவார். அடித்தது தப்பு என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். எட்டு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

மகள் நெடுநாள் வாழ்வாளா என்று, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் போடப்பட்டது. அதுவரை பெற்றோர்களால் முடிந்ததெல்லாம் பிள்ளையை அரைப் பட்டினி போட்டு நாட்களை நீட்டுவதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி அந்த ஊருக்கு வந்தாள். ஏறக்குறைய 15 வயது, எடை சுமார் 20 கிலோ. அவள் பிழைத்தாள், படித்தாள், மூன்று பிள்ளைகள் பெற்றாள், 1981 வரை வாழ்ந்தாள். உங்கள் மகளுக்கு இன்று கிடைக்கும் இன்சுலின் அதைவிட எவ்வளவோ மேம்பட்டது.

படுத்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால், மகளின் மருத்துவரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்தால் இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இந்த வாரமே உங்கள் கணவர் கையில் ஒரு சாத்துக்குடியைக் கொடுங்கள். அவர் தேறியதும், ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணி அலாரம் அவர் போனில் அடிக்கட்டும். மறுநாள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.